நெட் கட் ஆச்சு, ஆனா அலர்ட் பதிவாகலையா? எங்கே தொலையுது, எப்படிக் கண்டுபிடிப்பது? - முழு விளக்கம்

காலை 9.30 மணி. பென்னாகரம் கிளை அலுவலகத்தில் இருந்து தருமபுரி தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன். "சார், வந்ததுல இருந்து சிஸ்டம் எதுவுமே கனெக்ட் ஆகல." நெட்வொர்க்கைக் கவனிப்பவர் கண்காணிப்புத் திரையைப் பார்க்கிறார். பென்னாகரம் கிளை பச்சை நிறத்தில் இருக்கிறது. இன்றைய தேதிக்கான பதிவைத் திறந்து தேடுகிறார். ஒரு வரி கூட இல்லை. ஆனால், இணைப்பு போனது நள்ளிரவு 2 மணிக்கு.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும், "எங்க இடத்துலயும் இப்படி நடந்திருக்கு" என்பார்கள். அலர்ட் வராததற்கு என்ன காரணம்? வந்தும் பதிவாகாமல் போவது ஏன்? எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

தருமபுரி மாதிரி மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம்?

தருமபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் சுமார் 12,500. இவை அனைத்தையும் ஃபைபர் கேபிளில் இணைப்பதுதான் பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். இதுபோக வங்கிக் கிளைகள், இ-சேவை மையங்கள், பள்ளி, கல்லூரிகள், மருத்துவமனைகள், உள்ளூர் கேபிள் இன்டர்நெட் நடத்துபவர்கள் என ஆளாளுக்கு ஒரு நெட்வொர்க் வைத்திருக்கிறார்கள்.

பிரச்னை என்னவென்றால், தூரம். தருமபுரியில் இருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். சித்தேரி, வத்தல்மலை என்றால் மலைப்பாதை ஏற வேண்டும். "எதுக்கும் ஒரு தடவை நேர்ல போய் பார்த்துட்டு வந்துடுறேன்" என்று சொன்னால் அரை நாள் போய்விடும். அதனால்தான் தூரத்தில் இருக்கும் கருவி தனக்கு ஏதாவது ஆனால் தானே தகவல் சொல்லும் ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த ஏற்பாடே ஊமையாகிவிட்டால், கிளையில் இருந்து யாராவது போன் செய்யும் வரை எதுவும் தெரியாது.

இதில் பண விஷயமும் இருக்கிறது. "ஆறு மணி நேரம் லைன் இல்லை" என்று நீங்கள் சேவை நிறுவனத்திடம் சொல்வீர்கள். "எங்க பக்கம் லைன் நல்லாத்தான் இருந்துச்சு" என்று பதில் வரும். உங்களிடம் நேரத்தோடு பதிவு இருந்தால்தான் பேச முடியும்.

அலர்ட் எப்படி வருது?

நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறை எஸ்என்எம்பி. 1990-ல் இதன் முதல் பதிப்பு முறையான தரநிலையாக வெளியானது. இதில் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, போலிங். கண்காணிப்பு சர்வர் குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் கேட்கும்: "இருக்கியா? எப்படி இருக்க?" இது ரோந்து வரும் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது போல.

இன்னொன்று, ட்ராப். ஏதாவது நடந்தால் ரவுட்டரோ ஸ்விட்சோ யுபிஎஸ்ஸோ தானாகவே சர்வருக்குச் செய்தி அனுப்பும். இது வீட்டுக்காரரே போலீசுக்கு போன் செய்வது போல.

"அலர்ட் பதிவாகலை" என்று நாம் புலம்புவது பெரும்பாலும் இந்த ட்ராப் விஷயத்தில்தான். காரணம் எளிமையானது. ட்ராப் யூடிபி என்ற முறையில், 162-ம் எண் போர்ட்டுக்குப் போகிறது. இது சாதாரண தபால் மாதிரி. போட்டோம், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கருவிக்கும் தெரியாது, வரவேண்டியது வரவில்லை என்று சர்வருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் "எல்லாம் சரி" என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்.

அமைதி என்றால் நல்லது என்று நினைத்த கதை

அலர்ட் வராததை "பிரச்னை இல்லை" என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவில் நடந்தது இதற்கு பெரிய உதாரணம்.

ஓஹியோ மாகாணத்தின் மின் நிறுவனமான ஃபர்ஸ்ட்எனர்ஜியின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2.14 மணிக்குப் பிறகு எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. எச்சரிக்கை மணியும் இல்லை, பதிவும் இல்லை. ஆபரேட்டர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. 3.05, 3.32, 3.41 மணிக்கு என மூன்று உயர் அழுத்த மின்பாதைகள் மரங்களில் உரசி அடுத்தடுத்து துண்டிக்கப்பட்டன. திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லாததால் நிலைமை மோசமாவது கட்டுப்பாட்டு அறைக்குப் புரியவில்லை. 4.10 மணி வாக்கில் மின்தொகுப்பு சரியத் தொடங்கியது. அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடி பேர் இருளில் மூழ்கினர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எச்சரிக்கை மென்பொருள் ஓடிய சர்வர் விழுந்தது ஐடி ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தது. 3.08 மணிக்கு அதை ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டார்கள். சர்வர் எழுந்துவிட்டது. ஆனால், "இப்போ அலாரம் வருதா?" என்று ஆபரேட்டர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரு நாட்டு கூட்டு விசாரணைக் குழு 2004 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது.

சர்வர் ஓடுவது வேறு, அலர்ட் பதிவாவது வேறு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர் நெட்வொர்க்குக்கு வருவோம்.

எங்கிருந்து தேட ஆரம்பிக்கணும்?

கருவியில் பிறக்கும் அலர்ட், நெட்வொர்க் வழியாகப் பயணித்து, சர்வரைத் தொட்டு, மென்பொருளின் அனுமதி வாங்கி, விதிகளைத் தாண்டி, கடைசியில் பதிவுக் கோப்பில் உட்கார வேண்டும். இதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தொலையலாம்.

பலரும் ஒரு முனையில் இருந்து வரிசையாகத் தேடுவார்கள். அதைவிட நடுவில் ஆரம்பிப்பது நல்லது. நடுவில் பார்த்தால் பாதி வேலை உடனே மிச்சம்.

ஸ்டெப் 1: சர்வர் வாசலுக்கு அலர்ட் வருதா?

சர்வரில் உட்கார்ந்து, 162-ம் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பாருங்க. லினக்ஸ் என்றால் டிசிபிடம்ப், விண்டோஸ் என்றால் வயர்ஷார்க். இரண்டும் இலவசம். பிறகு, கிளையில் இருக்கும் ஸ்விட்சில் யாரும் பயன்படுத்தாத ஒரு போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகி, கழற்றச் சொல்லுங்க.

பாக்கெட் வந்தால், கருவியும் பாதையும் சரி. கோளாறு சர்வருக்குள்ளே. ஸ்டெப் 4-க்குப் போங்க. வரவில்லை என்றால், கோளாறு வெளியே. ஸ்டெப் 2-ல் இருந்து பாருங்க.

ஸ்டெப் 2: கருவி அனுப்புதா?

கருவியின் செட்டிங்கில் நான்கு விஷயங்களைச் சரிபார்க்கணும்.

* ட்ராப் வசதி ஆன் செய்யப்பட்டிருக்கிறதா? பல கருவிகளில் இது மொத்தமாக ஒருமுறை, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக ஒருமுறை என இரண்டு இடத்தில் இருக்கும்.
* யாருக்கு அனுப்பணும் என்ற ஐபி முகவரி சரியா? சர்வரை மாற்றியபோது கருவிகளில் பழைய முகவரியை மாற்ற மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.
* எஸ்என்எம்பி பதிப்பு சர்வருடன் ஒத்துப்போகிறதா? முதல் பதிப்பு, 2சி, 3 என மூன்று உண்டு.
* கம்யூனிட்டி எனப்படும் ரகசியச் சொல் சரியா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் தப்புதான்.

ஸ்டெப் 3: வழியில் தொலையுதா?

கருவி அனுப்புகிறது, சர்வருக்கு வரவில்லை என்றால் நடுவில் ஃபயர்வால் இருக்கிறதா என்று பாருங்க. 161-ம் போர்ட்டைத் திறந்துவிட்டு 162-ஐ மறந்திருப்பார்கள். 161 சர்வர் கேள்வி கேட்க, 162 கருவி தகவல் சொல்ல. திசையும் வேறு. அதனால்தான் "போலிங் வருது, ட்ராப் மட்டும் வரலை" என்ற புகார் எழுகிறது.

இன்னொரு சிக்கல், பலரும் யோசிக்காதது. கிளைக்கு ஒரே ஒரு லைன்தான் இருக்கிறது, அந்த லைனே அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "லைன் அறுந்துபோச்சு" என்ற செய்தியும் அதே லைனில்தான் வரணும். எப்படி வரும்? சாலை விரிவாக்கப் பணியில் கேபிள் வெட்டுப்பட்டாலும் இதே கதைதான். நம் காட்சியில் பென்னாகரம் பச்சையாகவே இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ட்ராப்பை மட்டும் நம்பி போலிங்கை நிறுத்தி வைத்திருந்தால், திரை கடைசியாகக் கேட்ட நல்ல செய்தியையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு மூன்று வழிகள்:

* ட்ராப்போடு போலிங்கும் கட்டாயம் இருக்கணும். கேட்டும் பதில் இல்லை என்றால் திரை சிவப்பாகும்.
* ட்ராப்புக்கு பதில் இன்ஃபார்ம் என்ற முறையைப் பயன்படுத்தலாம். இது ஒப்புகையோடு அனுப்பும் தபால் மாதிரி. சர்வர் "கிடைத்தது" என்று சொல்லாவிட்டால் கருவி மறுபடி அனுப்பும். ஆனால் சில முறைதான் முயலும். நீண்ட நேரம் லைன் இல்லை என்றால் இதுவும் கைவிட்டுவிடும்.
* மின்சாரம் போகும் நொடியில் கடைசியாக ஒரு செய்தி அனுப்பும் வசதி பல ஃபைபர் மோடங்களில் உண்டு. டையிங் காஸ்ப் என்று பெயர். இது இருந்தால், கரன்ட் போனதா, கேபிள் அறுந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். கேபிள் ஆட்களை அனுப்புவதா, யுபிஎஸ் பேட்டரியைப் பார்ப்பதா என்ற முடிவுக்கு இது போதும்.

ஸ்டெப் 4: வாசல் வரை வந்தது, உள்ளே வந்ததா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். டிசிபிடம்ப்பில் பாக்கெட் தெரிந்ததும் "சர்வர் வாங்கிடுச்சு" என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் டிசிபிடம்ப், சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும். அதற்குப் பிறகு ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். அதனால் சர்வரின் சொந்த ஃபயர்வாலில் யூடிபி 162 திறந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்க.

அடுத்து, 162-ம் போர்ட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? விண்டோஸில் கூடவே வரும் எஸ்என்எம்பி ட்ராப் சர்வீஸ் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், உங்கள் கண்காணிப்பு மென்பொருளுக்கு இடம் கிடைக்காது. லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்க வழக்கமாக நிர்வாகி உரிமை வேண்டும். சாதாரண பயனராக ஓட்டினால் திறக்காது.

ஸ்டெப் 5: அனுமதி இருக்கா?

லினக்ஸ் சர்வர்களில் அதிகம் பயன்படும் நெட்-எஸ்என்எம்பி தொகுப்பில், 5.3 பதிப்பில் இருந்து ஒரு மாற்றம் வந்தது. யாருடைய ட்ராப்பை ஏற்கலாம் என்று நீங்கள் செட்டிங் கோப்பில் எழுதித் தரவில்லை என்றால், வரும் எதையும் அது ஏற்காது. சர்வீஸ் ஓடும், போர்ட் திறந்திருக்கும், ஆனால் பதிவு ஒன்றுமே இருக்காது. சர்வீஸ் தொடங்கும்போது இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரி எழுதும். அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் பிரச்னை. புதிதாக நிறுவிய சர்வரில் அலர்ட் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்க.

அனுமதிக் கட்டுப்பாட்டையே மொத்தமாக அணைத்துவிடும் வழியும் உண்டு. சோதனைக்காக ஐந்து நிமிடம் செய்து பார்க்கலாம். அப்படியே விட்டுவிடாதீங்க. யார் வேண்டுமானாலும் போலி அலர்ட் அனுப்ப அது வழிவிட்டுவிடும்.

மூன்றாம் பதிப்பு பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு பொறி. இதில் ஒவ்வொரு கருவிக்கும் எஞ்சின் ஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. சாதாரண ட்ராப் என்றால், அனுப்பும் கருவியின் எஞ்சின் ஐடியோடு சேர்த்துத்தான் பயனர் பெயரை சர்வரில் பதிய வேண்டும். இடி விழுந்து பழைய ரவுட்டர் போய், அதே செட்டிங்கோடு புது ரவுட்டர் வைத்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எஞ்சின் ஐடி மாறியிருக்கும். "ரவுட்டர் மாத்தினதுல இருந்து அலர்ட் வரலை" என்றால் இதைச் சந்தேகப்படலாம்.

ஸ்டெப் 6: வந்த அலர்ட் யாருடையதுன்னு தெரியுதா?

அலர்ட் உள்ளே வந்துவிட்டது. ஆனால் திரையில் இல்லை. இப்போது மென்பொருளின் விதிகளைப் பாருங்க.

ட்ராப்பில் சொற்கள் இருக்காது, புள்ளி வைத்த நீளமான எண்கள்தான் இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் அகராதிதான் மிப் கோப்பு. அந்த நிறுவனத்தின் மிப் கோப்பு சர்வரில் இல்லையென்றால், சில மென்பொருள்கள் அலர்ட்டை "தெரியாதவை" என்ற தனிக் கோப்பில் போட்டுவிடும். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்க. தேடிய அலர்ட்டெல்லாம் அங்கே வரிசையாக இருக்கலாம்.

ஐபி முகவரியும் முக்கியம். ஒரு ரவுட்டருக்கு ஐந்தாறு முகவரி இருக்கும். நீங்கள் ஒன்றைப் பதிந்திருப்பீர்கள், ட்ராப் இன்னொன்றில் இருந்து வந்திருக்கும். ஜாபிக்ஸ் போன்ற மென்பொருள்கள் முகவரியை வைத்துத்தான் "இது எந்தக் கருவி" என்று பொருத்திப் பார்க்கின்றன. பொருந்தவில்லை என்றால் அந்த அலர்ட் அனாதைதான். ரவுட்டரில் "ட்ராப் எப்போதும் இந்த முகவரியில் இருந்தே போகணும்" என்று நிர்ணயித்துவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக, வடிகட்டி. "ஒரே அலர்ட் நூறு தடவை வந்து தொல்லை பண்ணுது" என்று யாரோ எப்போதோ போட்டு வைத்த தடை இன்னும் இருக்கிறதா என்று பாருங்க.

ஸ்டெப் 7: எழுத இடம் இருக்கா? கடிகாரம் சரியா?

டிஸ்க் நிரம்பிவிட்டால் பதிவு நின்றுவிடும். லினக்ஸில் இடம் மீதம் இருந்தும், கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு தீர்ந்துபோனால் புதுக் கோப்பு உருவாகாது. இரண்டையும் பாருங்க. பதிவுக் கோப்பை நள்ளிரவில் பெயர் மாற்றிப் புதுக் கோப்பு தொடங்கும் ஏற்பாடு இருந்தால், மென்பொருள் இன்னும் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

பலரும் தவறவிடுவது நேரம். இந்திய நேரம், சர்வதேச நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சர்வர் சர்வதேச நேரத்தில் எழுதினால், இங்கே நள்ளிரவு 2 மணிக்கு நடந்தது, முந்தைய நாள் இரவு 8.30 என்று பதிவாகியிருக்கும். "இன்றைய தேதியில்" தேடினால் கிடைக்கவே கிடைக்காது. கடிகாரமே செட் செய்யாத கருவி என்றால் பல வருடம் பின்னால் கூட போட்டுவிடும். அலர்ட் இல்லை என்று முடிவு செய்யும் முன் ஒரு நாள் முன்னும் பின்னும் தேடிப் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. சேவை நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், கம்பெனிகள், அரசு அமைப்புகள் ஆகியவை:

* தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.
* கணினிகளின் கடிகாரத்தை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு பொருந்தும் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும்.
* குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அலர்ட்டே பதிவாகவில்லை என்றால் எதை வைத்து, எந்த நேரத்தைச் சொல்லித் தகவல் கொடுப்பது? அதனால் இதை "ஐடி ஆள் பார்த்துப்பாரு" என்று விட்டுவிட முடியாது.

மறுபடி நடக்காம இருக்க என்ன பண்ணலாம்?

கோளாறைச் சரிசெய்தபின் மூன்று சோதனை செய்யுங்க. முதலில் சர்வரில் இருந்தே சர்வருக்கு ஒரு சோதனை ட்ராப். அடுத்து பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்து. கடைசியாக கிளையில் உள்ள உண்மையான கருவியில் இருந்து. மூன்றும் பதிவுக் கோப்பில், சரியான நேரத்தோடு, கண்ணால் பார்க்கும் வரை வேலை முடியவில்லை. ஓஹியோவில் விடுபட்டது இந்தக் கடைசி ஸ்டெப்தான்.

அதற்குப் பிறகு, தினமும் காலை 10 மணிக்கு ஒவ்வொரு கிளையில் இருந்தும் ஒரு சோதனை அலர்ட் தானாக வரும்படி வைத்துவிடுங்க. அது 10.10-க்குள் பதிவாகவில்லை என்றால், நெட்வொர்க்கை நம்பாமல், எஸ்எம்எஸ் மாதிரி வேறு ஒரு வழியில் பொறுப்பாளருக்குத் தகவல் போகட்டும். ட்ராப் ஏற்பாடு ஊமையானால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

சின்ன அலுவலகம், தனி சர்வர் எல்லாம் கிடையாது என்கிறவர்கள், குறைந்தபட்சம் ஒரு நோட்டில் எழுதி வையுங்க. லைன் போன நேரம், வந்த நேரம், புகார் எண். மூன்று போதும்.

சுருக்கமா சொன்னா...

* பாக்கெட் சர்வருக்கு வருதான்னு முதல்ல பாருங்க. வந்தா உள்ளே தேடுங்க, வரலைன்னா வெளியே தேடுங்க.
* போலிங் வருது, ட்ராப் வரலைன்னா 162-ம் போர்ட்டைப் பாருங்க.
* புது சர்வர்ல வரலைன்னா அனுமதி. ரவுட்டர் மாத்தின பிறகு வரலைன்னா எஞ்சின் ஐடி. திடீர்னு நின்னா டிஸ்க்.
* எல்லாமே சரியா இருந்தும் கிடைக்கலைன்னா, நேற்றைய தேதியில தேடுங்க.
* ட்ராப்பை மட்டும் நம்பாதீங்க, போலிங்கும் வேணும்.

ஆரம்பத்தில் பார்த்த காட்சியில், அந்த ஊழியர் தேட வேண்டியது பதிவுக் கோப்பில் மட்டும் அல்ல. "கடைசியா பென்னாகரத்துல இருந்து எப்போ அலர்ட் வந்துச்சு?" என்று கேட்டிருந்தால், அது இரண்டு மாதத்துக்கு முன்பு என்று தெரிந்திருக்கலாம். உங்கள் நெட்வொர்க்கிலும் இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பதில் தெரியவில்லை என்றால், ஒரு கேபிளைக் கழற்றிச் சொருகிப் பார்த்துவிடுவது நல்லது.